முடியாமல் நிற்கும் ஏழு குவில்ட்டுகள்: எதை முதலில் எடுப்பது?

பனிக்கரை (மினசோட்டா)

வணக்கம் தோழிகளே. துணித்துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பின்துணி என்று மூன்றடுக்காகத் தைக்கும் போர்வையான குவில்ட்டை நான் தைக்கத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. நேற்று தையல் அறை அலமாரியை முழுவதும் காலி செய்து, உள்ளே இருந்ததைத் தரையில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். தொடங்கி முடிக்காத குவில்ட்டுகள் ஏழு. பார்த்ததும் மனம் கனத்துப் போய்விட்டது. உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

முதலாவது, தம்பி மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்த வாரமே தொடங்கிய ஒன்பது கட்டக் குவில்ட். மேல்துணி முழுவதும் இணைத்து முடித்து மடித்து வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தை இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அடுத்தது நீலமும் வெள்ளையுமாக முக்கோணங்கள் சேர்த்தது. இதற்கும் மேல்துணி தயார். பிறகு இரண்டரை அங்குலப் பட்டைகளை நீளவாக்கில் இணைத்த ஒன்று. அதுவும் மேல்துணி வரை வந்துவிட்டது. மாதம் ஒரு கட்டம் என்று தைக்கும் தொடரில் பன்னிரண்டுக்கு ஏழு முடித்திருக்கிறேன். நடுவில் என் தையல் இயந்திரமும் மாறிவிட்டது. காகித அச்சின் மேல் துணியை மடித்துக் கையாலேயே இணைக்கும் அறுகோணங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இன்னொன்றுக்கு மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்தாகிவிட்டது, சுற்று விளிம்பை மூடித் தைக்கும் ஓரப்பட்டை மட்டும் பாக்கி.

ஏழாவது, அம்மாவின் பருத்திப் புடவைகளில் தைத்துக்கொண்டிருப்பது. முப்பது கட்டங்கள் வேண்டும், இருபத்திரண்டு முடிந்திருக்கின்றன. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பழையதை முடிக்காமல் புதியதைத் தொடங்கக் கூடாது என்று ஒரு முறை எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். ஓர் ஆண்டு அதைக் காப்பாற்றினேன். பழையது எதுவும் நகரவில்லை, தைப்பதே நின்றுபோயிற்று. நீங்கள் எல்லோரும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எதை முதலில் எடுப்பீர்கள்?

ஊசிமுனை (டொராண்டோ)

ஏழு என்ற எண்ணை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். ஏழில் மூன்று ஒரே இடத்தில் நிற்கின்றன. மேல்துணி தயார், ஆனால் நடுப்பஞ்சும் பின்துணியும் சேர்த்து அடுக்கி, நகராமல் இருக்கத் தற்காலிகமாகப் போடும் கச்சாத்தையல் போடவில்லை. உங்கள் தடை அந்த ஒரு படிதான். நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு அங்கேதான் தடை. துண்டு வெட்டுவதும் இணைப்பதும் இன்பம். மூன்றடுக்கைத் தரையில் விரித்து, முழங்காலில் நகர்ந்து நகர்ந்து நூறு ஊக்கு குத்துவது உடம்புக்குத் துன்பம். உடம்பு ஒன்றுக்குப் பயந்தால் கை தானாகவே வேறொன்றைத் தொடங்கிவிடும்.

எனக்கு இடுப்பு வலி வந்த பிறகு நான் தரையில் உட்காருவதையே நிறுத்திவிட்டேன். இப்போது செய்வது இதுதான். குவில்ட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமான, நான்கு அங்குல அகலத்தில் இரண்டு மரச்சட்டங்கள் வாங்கிக்கொண்டேன். பின்துணியை ஒரு சட்டத்திலும் மேல்துணியை இன்னொன்றிலும் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிவிடுவேன். சாப்பாட்டு மேசையில் பின்துணியைக் கொஞ்சம் பிரித்து, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி என்று ஒன்றரை அடி மட்டும் விரித்து, நீவிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பெரிய பெரிய தையலாகப் போட்டுக்கொண்டு போவேன். முடிந்த பகுதி மேசைக்கு அப்பால் வழியும், அடுத்த பகுதியைப் பிரிப்பேன். சுருட்டும்போது இழுக்காதீர்கள். இழுத்தால் பின்துணி பிறகு சுருங்கி மேல்துணியில் சுருக்கம் விழும்.

மூன்றையும் அடுத்தடுத்து ஒரே வார இறுதியில் அடுக்கிவிடுங்கள். மேசை, சட்டம், பஞ்சு, நூல் எல்லாவற்றையும் ஒரு முறை எடுத்துவைத்தால் போதும். பின்துணியை நான்கு பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, ஓரப்பட்டை மட்டும் பாக்கி இருப்பதை முடியுங்கள். இரண்டு மாலை வேலை.

கொங்குநூல் (திருப்பூர்)

எனக்கு இதில் வேறு கருத்து. ஒன்று முடியாமல் அடுத்ததில் கத்தரி வைக்கவே கூடாது என்பவள் நான். இங்கே பனியன் கம்பெனிகளின் வெட்டுத்துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு அள்ளி வந்து, நான்கைந்து வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கினேன். எதைத் தொட்டாலும் மற்றவை கண்முன் வந்து நிற்கும். தைக்கும் வேலையைவிட அந்த நினைப்பு அதிகம் களைக்கச் செய்தது.

என்னை மாற்றியது சித்தி மக்களின் கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டுகோடு பக்கம் வாழும் சித்திகள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதில் மேல்துணியைத் தனியாக இணைத்து மடித்து வைக்கிற படியே கிடையாது. பின்னால் ஒரு பழைய புடவையை வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் விளிம்பை உள்ளே மடித்து, ஓட்டுத்தையலாகவே ஓரம் முழுவதும் சுற்றி வருகிறார்கள். அப்படியே சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிக்கிறார்கள். துண்டை இணைக்கும் தையலும் அடுக்கைப் பிடிக்கும் தையலும் ஒன்றேதான். ஓரம் முதல் வரிசையிலேயே மடித்துத் தைக்கப்பட்டுவிடுவதால் கடைசியில் ஓரப்பட்டை என்ற வேலையும் இல்லை. நான்கு மூலைகளிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்துச் செருகுவார்கள். அதற்குப் பூ என்று பெயர்.

இந்த முறையில் ஒரு போர்வை தைத்துப் பாருங்கள். எங்கே நிறுத்தினாலும் அடுத்த துண்டை எடுத்து வைத்தால் வேலை தொடரும். நமக்குப் பாதியில் நிற்கும் குவில்ட்டுகள் சேருவதற்கு, படிகளைப் பிரித்துப் பிரித்து வைத்திருப்பதும் ஒரு காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

நூல்கண்டு (சிங்கப்பூர்)

கொங்குநூல் அக்கா, கவந்தி பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. ஆனால் ஒன்றே ஒன்று என்பது எல்லோருடைய வீட்டுக்கும் பொருந்தாது. எங்கள் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசைதான் தையல் மேசை. மாலை ஏழு மணிக்குள் அதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை பகலில் மட்டும்தான் இயந்திரம் ஓடும். வேலைக்குப் போக வர ரயிலில் தினமும் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அங்கே இயந்திரத் தையலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறுகோணம்தான் செய்ய முடியும்.

அதனால் என்னிடம் எப்போதும் மூன்று இருக்கும். இயந்திரத்தில் ஒன்று, கைப்பையில் ஒன்று, ஓரப்பட்டைக்காகத் தொலைக்காட்சி பக்கத்துக் கூடையில் ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை, ஏனென்றால் அவை வேறு வேறு நேரத்துக்கானவை. இயந்திரத்திலேயே இரண்டு சேர்ந்துவிட்டால்தான் எனக்குப் பதற்றம் வரும்.

பனிக்கரை அக்கா, உங்கள் அறுகோணப் பெட்டியை முடியாதவற்றின் கணக்கில் சேர்க்காதீர்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என்று ஒரு பூவுக்கே பத்தொன்பது அறுகோணங்கள் வேண்டும். ஒரு படுக்கை விரிப்புக்கு எத்தனை பூ வேண்டும் என்று யோசியுங்கள். அது பல ஆண்டுகளுக்கான வேலை என்று தெரிந்தேதான் தொடங்குகிறோம். அதை யாரும் தாமதம் என்று சொல்லக் கூடாது.

அளவுகோல் (பெங்களூரு)

அக்காவின் மாதக் கட்டங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் அடிபட்டிருக்கிறேன். இயந்திரம் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி ஐந்து கட்டங்களைத் தொடங்கும் முன் பழைய ஏழையும் அளந்து பாருங்கள்.

தையலுக்கு வெளியே விடும் கால் அங்குல விளிம்பு ஒவ்வோர் இயந்திரத்திலும், துணியை அழுத்திப் பிடிக்கும் ஒவ்வொரு பாதத்திலும் கொஞ்சம் மாறும். புதிய பாதம் 1/16 அங்குலம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் இணைப்பில் இரண்டு துண்டுகள் இருப்பதால் 1/8 அங்குலம் குறைகிறது. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது சதுரங்கள் சேர்ந்த ஒரு கட்டத்தில் குறுக்கே இரண்டு இணைப்புகள். ஆக, ஒரு கட்டம் முழு 1/4 அங்குலம் சிறியதாகிவிடும். பழைய கட்டம் பன்னிரண்டரை அங்குலம், புதியது பன்னிரண்டேகால். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒன்று இழுபடும், இன்னொன்று உப்பும். கட்டத்துக்குள் துண்டுகள் அதிகம் இருந்தால் வித்தியாசமும் அதிகமாகும்.

ஆகவே, முதலில் ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் ஊசியின் இடத்தை மாற்றுங்கள்.

இப்போதெல்லாம் நான் எந்த வேலையை நிறுத்தினாலும் அதன் பைக்குள் ஒரு அட்டை போட்டுவிடுகிறேன். எந்த இயந்திரம், எந்தப் பாதம், தையல் நீளம், விளிம்புகளை எந்தப் பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டேன், அடுத்து செய்ய வேண்டிய முதல் வேலை என்ன. இந்தக் கடைசி வரிதான் மிக முக்கியம். பாதியில் நின்ற வேலையைத் திரும்ப எடுக்கத் தயங்குவது சோம்பலால் அல்ல. எங்கே விட்டோம் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலை போய்விடும், அந்த மாலை நம்மிடம் இருப்பதில்லை. "ஆறாவது வரிசையை ஐந்தாவதோடு இணை" என்று எழுதியிருந்தால் பத்து நிமிடம் கிடைத்தாலும் உட்கார்ந்துவிடலாம்.

துணியையும் அப்போதே முழுவதும் வெட்டி அதே பையில் போட்டுவிடுங்கள். அச்சுத் துணிகளில் பெரும்பாலானவை ஒரு முறை வந்து தீர்ந்தால் திரும்ப வருவதில்லை. பின்னால் தேடினால் அதே நீலம் கிடைக்காது.

கடலோரம் (சென்னை)

எது முதலில் என்ற கேள்விக்கு என் பதில், எது கெட்டுப்போகுமோ அது முதலில். முடிக்காத குவில்ட் அலமாரியில் அப்படியே காத்திருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். காத்திருக்காது.

கடற்கரைக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. மூன்றடுக்கும் சேர்த்து ஊக்கு குத்தி, பாதி தைத்துவிட்டு, மகளின் திருமண வேலைகளில் நிறுத்தினேன். ஒன்றரை ஆண்டு கழித்து எடுத்தபோது ஊக்குகள் துருப்பிடித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் பழுப்பு வட்டம். எலுமிச்சையும் உப்பும் போட்டுப் பார்த்தேன். கறை வெளிறியதே தவிரப் போகவில்லை. அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அதே போல இன்னொன்றில் கைத்தையல் வளையத்தைக் கழற்றாமல் விட்டேன். வளையம் இருந்த இடத்தில் மடிப்பும் அழுக்கும் சேர்ந்து ஒரு வட்டக் கோடு விழுந்துவிட்டது.

அதனால் இன்றே ஏழையும் எடுத்து, ஊக்கு, குண்டூசி, வளையம், ஒட்டும் நாடா எல்லாவற்றையும் அகற்றுங்கள். கச்சாத்தையல் நூலில் இருந்தால் பரவாயில்லை, நூல் துருப்பிடிக்காது. பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் போடுங்கள். மரப்பலகை நேரடியாகத் துணியைத் தொட்டால் நாளடைவில் பழுப்பேறும், இடையில் வெள்ளைத் துணி விரியுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை எடுத்து வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் இழை இற்றுவிடும்.

பனிக்கரை (மினசோட்டா)

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கடலோரம் அக்கா, எங்கள் ஊரின் பங்குக்கு நானும் ஓர் எச்சரிக்கை சொல்கிறேன். சூடு பட்டால் மறைந்துவிடும் மைப் பேனாவால் முக்கோணக் குவில்ட்டின் மேல்துணி முழுவதும் கோடு போட்டிருந்தேன். பிறகு வேறு வடிவம் தைக்கலாம் என்று தோன்றியதால் இஸ்திரி போட்டுக் கோடுகளை மறைத்துவிட்டு, பெட்டியில் வைத்து வாகனக் கொட்டகையில் வைத்தேன். இங்கே குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது பாகைக்கும் அப்பால் போகும். வசந்தத்தில் எடுத்தபோது மறைந்த கோடுகள் அனைத்தும் திரும்ப வந்திருந்தன. அந்த மை அழிவதில்லை. சூட்டில் நிறம் இழக்கிறது, கடுங்குளிரில் நிறம் பெறுகிறது. மீண்டும் இஸ்திரி போட்டேன், மறைந்தது. ஆனால் குளிர் நாட்டில் இருப்பவருக்கு அதைப் பரிசளிக்க மனம் வருமா? குளிர்ப் பிரதேசத்தில் இருக்கிற யாரும் அந்தப் பேனாவை மேல்துணியில் பயன்படுத்தாதீர்கள்.

ஊசிமுனை, நீங்கள் சொன்னதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உண்மைதான், மூன்று குவில்ட்டுகள் மூன்றடுக்குப் படியில்தான் நிற்கின்றன. அது எனக்கே தெரியவில்லை. மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அம்மாவின் புடவைகள். அம்மா மதுரையில் இருந்தார். மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய ஐந்து சுங்குடிப் புடவைகளைக் கொண்டுவந்தேன். நடுவில் சிவப்புச் சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள் அடுக்கிக்கொண்டே போகும் மரக்குடில் வடிவம். பன்னிரண்டு அங்குலக் கட்டங்கள், ஐந்துக்கு ஆறு. நான்கு புடவைகளில் இருபத்திரண்டு கட்டங்கள் வந்துவிட்டன. மீதி எட்டுக்கும் ஐந்தாவது புடவையை வெட்டியாக வேண்டும். அரக்கு நிறம், மஞ்சள் புள்ளி. முந்தானையில் வாழைக்காய்க் கறை ஒன்று இருக்கிறது, அதற்குச் சற்றுத் தள்ளி அம்மா தானே இழை ஓட்டி அடைத்த ஒரு கிழிசல். கத்தரியை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக இப்படித்தான்.

பழம்புடவை (மதுரை)

தங்கை, உன் எழுத்தைப் படித்ததும் என் கண் நிறைந்துவிட்டது. உன் அம்மா எந்தத் தெருவில் கட்டிக்கொண்டு நடந்தாரோ, அதே ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு எழுபத்தொரு வயது. எங்கள் வீட்டில் எந்தக் குழந்தையும் புதுத்துணியில் முதலில் படுத்ததில்லை. பாட்டியின் நைந்த புடவையில்தான் தூளி. பழகிய துணிதான் உடம்புக்கு இதம் என்பார்கள். புடவையை வெட்டுவது அம்மாவை வெட்டுவது அல்ல, தங்கை. இருந்தாலும் உன் கை நடுங்குவது எனக்குப் புரிகிறது. மெதுவாகச் செய்.

வேலைக்கு வருகிறேன். சுங்குடியில் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிறார்கள். அரக்கும் சிவப்பும் பல துவைப்புக்குப் பிறகும் கொஞ்சம் சாயம் விடும். வெட்டும் முன், வெள்ளைத் துணியை நனைத்து அந்தப் புடவையின் உள்பக்கத்தில் அழுத்திப் பார். நிறம் ஒட்டினால் குளிர்ந்த நீரில் தனியாக அலசு, நீர் தெளியும்வரை அலசு, நிழலில் விரித்துக் காயவை. நீ முடித்த இருபத்திரண்டு கட்டங்களில் வெளிர் நிறப் பட்டைகள் இருந்தால், குவில்ட் முழுமையான பிறகு முதல் துவைப்பில் வண்ணம் உறிஞ்சும் தாள்களைப் போடு. ஈரத்தோடு குவித்து வைக்காதே. சாயம் பரவுவது பெரும்பாலும் ஈரமாய்க் குவிந்து கிடக்கும்போதுதான்.

கட்டிக் கட்டி மெலிந்த புடவையில் கால் அங்குல விளிம்பு பிரிந்துவிடும். முடிந்தால் பின்னால் மெல்லிய மல் துணி ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்து வெட்டு. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். எங்கே வலை போலத் தெரிகிறதோ அந்தப் பகுதியை எடுக்காதே.

இன்னொன்றும் சொல்கிறேன். துணிக்கும் வயது உண்டு. நீ காத்திருக்கக் காத்திருக்க அது இன்னும் வலுவிழக்கும். மற்ற ஆறையும் ஊசிமுனை சொன்னபடி வரிசை போட்டுச் செய். இதை வரிசையில் வைக்காதே. வாரத்தில் ஒரு நாள், குளித்து, காபி குடித்து, பகல் வெளிச்சத்தில் இதற்கென்று ஒரு மணி நேரம் உட்கார்.

வைகறை (அட்லாண்டா)

பழம்புடவை அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர் நினைவுக்கு வந்தது. அலபாமா ஆற்றின் வளைவில் இருக்கும் சிற்றூர். அடிமைகளாக உழைத்தவர்களின் சந்ததியினர் வாழும் இடம். 2002இல் ஹூஸ்டனில் தொடங்கி நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை போன கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பெண்களின் குவில்ட்டுகளை உலகம் அறிந்தது. பனிக்கரை தைக்கும் மரக்குடில் வடிவத்துக்கு நெருங்கிய ஒன்றை அவர்கள் கூரைமுகடு என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள்.

அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், 1942இல் கணவர் இறந்ததும் அவருடைய வேலை உடைகளைக் கிழித்து ஒரு குவில்ட் தைத்தார். மகள் ஆர்லோன்சியா உடன் உதவினார். அதன் படத்தைப் பாருங்கள். வெளுத்த நீலமும் பழுப்புமாக, கறையும் தேய்மானமும் அப்படியே தெரிகின்றன. முழங்கால் தேய்ந்த இடத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை.

உங்கள் அம்மா அடைத்த கிழிசலையும் வாழைக்கறையையும் வெட்டி ஒதுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவற்றைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

கொங்குநூல் (திருப்பூர்)

பனிக்கரை, உங்கள் ஏழாவதைப் பற்றித் தெரியாமல் கறாராக எழுதிவிட்டேன். அதை என் விதியில் நான் சேர்க்கவில்லை.

மற்றவற்றைப் பற்றி ஒரு யோசனை. அந்தப் பட்டைக் குவில்ட் உங்களுக்கு இன்னும் பிடித்திருக்கிறதா? பிடிக்கவில்லையென்றால் மேல்துணியாகவே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். முடிக்கிற ஆசை உள்ளவர் கையில் போய்ச் சேரட்டும். தொடங்கியது நாம் என்பதால் முடிப்பதும் நாமாகவே இருக்க வேண்டும் என்று இல்லை.

கடலோரம் (சென்னை)

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. முடிக்காத ஒன்றைக் கொடுப்பது வேலையைக் கைமாற்றுவதுதான். வாங்கிக்கொண்டவர் வீட்டு அலமாரியில் அது தூங்கும்.

ஊசிமுனை (டொராண்டோ)

கேட்டு வாங்குபவருக்குக் கொடுத்தால் தூங்காது. என் மாமியாரின் தோழி ஒருவர் மறைந்தபோது அவர் இணைத்து வைத்திருந்த மேல்துணி ஒன்றை அவர் மகள் என்னிடம் தந்தார். அந்த அம்மையாரின் தையல் என் தையலைவிட நேர்த்தியானது. அதன்மேல் அடுக்குத் தையல் போட்ட மூன்று மாதமும் அவரோடு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. முடித்து மகளிடமே திருப்பிக் கொடுத்தேன். அந்த வேலையை யாராவது எனக்கு மறுத்திருந்தால் நான் இழந்திருப்பேன். ஆனால் ஒன்று: கொடுப்பவர் துணியின் மிச்சத்தையும் பஞ்சு வாங்கும் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடலோரம் சொல்கிற அநியாயம் அப்போது நேராது.

பனிக்கரை (மினசோட்டா)

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

ஓரப்பட்டை பாக்கியிருந்தது அந்த வாரமே முடிந்தது. இப்போது எங்கள் சோபாவில் இருக்கிறது. மரச்சட்டங்கள் வாங்கினேன். ஒரு சனி ஞாயிறில் குழந்தைக் குவில்ட்டுக்கும் முக்கோணத்துக்கும் மூன்றடுக்கு போட்டுவிட்டேன். இடுப்பு வலிக்கவில்லை. குழந்தைக் குவில்ட்டில் குறுக்கும் நெடுக்குமாக நேர்க்கோடுகள் தைத்தேன். பஞ்சின் உறையில் பத்து அங்குலம் வரை இடைவெளி விடலாம் என்று இருந்தது, நான் மூன்று அங்குலத்துக்கு ஒன்று போட்டேன். அவளுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுப்பாடம் செய்யும்போது மடியில் போட்டுக்கொள்கிறாளாம். பட்டைக் குவில்ட்டை இங்கே பக்கத்து ஊரில் ஒரு பெண்மணி ஆசையோடு கேட்டு வாங்கிக்கொண்டார். பின்துணியும் பஞ்சும் சேர்த்தே கொடுத்தேன். மாதக் கட்டங்களை அளந்தேன். அளவுகோல் தம்பி, புதிய பாதம் நீங்கள் சொன்னது போலவே கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. ஊசியை ஒரு படி நகர்த்தியதும் நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலம் வந்தது. அட்டையில் எழுதி, பையில் போட்டு வைத்திருக்கிறேன். அது அடுத்த குளிர்காலத்துக்கு.

பழம்புடவை அம்மா, புடவையை மூன்று முறை தனியாக அலசினேன். மூன்றாம் முறை நீர் தெளிந்தது. சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெட்டினேன். முதலில் இரண்டு பக்கத்துக் கரைகளையும் முழு நீளத்துக்கு எடுத்துத் தனியாக வைத்தேன். ஜரிகை இல்லாத நூல் கரை, மூன்று அங்குல அகலம். பிறகு உடல் பகுதியில் பட்டைகள். எட்டில் ஐந்து கட்டங்கள் முடிந்துவிட்டன. அம்மா அடைத்த கிழிசல் ஒரு கட்டத்தின் கடைசிப் பட்டையில் வருகிறது. வாழைக்கறையை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு கட்டத்துக்கு மட்டும் நடுச் சதுரம் சிவப்பாக இல்லாமல் அதுவாகவே இருக்கட்டுமா என்று யோசிக்கிறேன்.

ஒரு கேள்வி. அந்தக் கரைகளையே ஓரப்பட்டையாக வைக்க ஆசை. அறுபதுக்கு எழுபத்திரண்டு அங்குலம். போதுமா? நேர்வெட்டாக இருந்தால் போதுமா, குறுக்குவெட்டாக வேண்டுமா?

ஊசிமுனை (டொராண்டோ)

சுற்றளவு 264 அங்குலம். இணைப்புக்கும் மூலைக்கும் பன்னிரண்டு சேர்த்தால் 276. புடவை ஐந்தரை மீட்டர் என்றால் ஒரு கரை ஏறத்தாழ 216 அங்குலம், இரண்டும் சேர்ந்து 430க்கு மேல். தாராளமாகப் போதும். ஓரங்கள் நேராக இருப்பதால் நேர்வெட்டே சரி. கரை நெய்யப்பட்ட விளிம்போடு இருப்பதால் அது நீளாது, அலையாது. இரண்டரை அங்குலத்துக்குக் குறைத்துக்கொண்டு, நீளவாக்கில் பாதியாக மடித்து இஸ்திரி போடுங்கள். இரண்டு கரைகளையும் இணைக்கும் இடத்தில் மட்டும் சாய்வாகத் தையுங்கள், மடிப்பு தடிக்காது.

பழம்புடவை (மதுரை)

கறை நடுவிலேயே இருக்கட்டும், தங்கை. முடிந்ததும் ஒரு படம் போடு. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.